பழைய சவரக்கத்தி வாங்கலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மடக்கு சவரக்கத்திகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். பதில்களில் வரும் பெயர்களை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள். வெட்டும் பக்கம் வாய். அதற்கு எதிரே தடித்த பக்கம் முதுகு. பிடிக்குத் தொலைவில் இருக்கும் முனை நுனி, பிடிக்கு அருகில் இருப்பது அடி. அடிக்குப் பின்னால் முத்திரை குத்திய பகுதி காம்பு, அதன் கடைசியில் வளைந்து நிற்பது வால். அலகு மடிந்து உள்ளே போகும் இரண்டு தகடுகளும் சேர்ந்தது பிடி.

சலூன்ல வச்சிருக்கிற கத்தியும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. இன்றைய சலூன்களில் இருப்பது பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டும் கத்தி. ஒவ்வொருவருக்கும் புது பிளேடு மாற்றிவிடுவார்கள். கத்தி வெறும் பிடிதான். நாம் பேசுவது அலகே வாயாக இருக்கும் கத்தி. அதைச் சாணைக்கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பயன்படுத்த வேண்டும். பிளேடு மாட்டும் கத்தியில் எஃகைப் பற்றிக் கவலை இல்லை. இதில் எஃகுதான் எல்லாம்.

நூறு வருஷம் ஆன கத்தி இன்னும் சவரம் பண்ணுமா?

பண்ணும். எஃகுக்கு வயதால் மட்டும் கூர் குறையாது. 1903இல் ஜில்லெட்டின் பிளேடு ரேசர் விற்பனைக்கு வந்து, சில பத்தாண்டுகளில் வீடுகளிலிருந்து மடக்குக் கத்தியை வெளியேற்றிவிட்டது. அதனால் பாதி ஆயுள்கூடத் தீராமல் பெட்டிக்குள் போன கத்திகள் ஏராளம். இப்போது விற்பனைக்கு வரும் பழைய கத்திகளில் நல்லவை பெரும்பாலும் அந்த வகைதான்.

கத்தியைக் கெடுப்பவை வேறு: துரு, தப்பான சாணை, பாலிஷ் சக்கரம், தரையில் விழுந்த அடி. இந்த நான்கின் தடயத்தைத் தேடுவதுதான் கீழே வரும் பதில்கள் எல்லாம்.

கையில வாங்கினதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

வாயை. பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பிறகு பாருங்கள். உடைந்த பிடியை மாற்றலாம், ரிவிட்டை மாற்றலாம், மங்கிய அலகைத் துடைக்கலாம். தேய்ந்துபோன எஃகை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

அலகை விரித்து, வாய் உங்களை நோக்கி மேலே பார்க்கும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். அங்கங்கே வெள்ளையாக மின்னினால் அந்த இடம் மழுங்கியோ ஒடிந்தோ இருக்கிறது. மழுங்கல் ஒரு குறையே அல்ல, பழைய கத்தி மழுங்கித்தான் வரும். ஒடிசல் எவ்வளவு ஆழம், வாய்க்கோடு நேராக ஓடுகிறதா, வாயிலிருந்து 2 மி.மீ. தூரத்துக்குள் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று கையில் இருந்தால் இந்த மூன்றும் ஐந்து நிமிட வேலை.

முதுகுல பளபளன்னு ஒரு பட்டை ஓடுது. அது தேய்மானமா?

ஆமாம். ஆனால் எல்லாத் தேய்மானமும் குற்றம் அல்ல. சவரக்கத்தியைத் தீட்டும்போது வாயும் முதுகும் ஒருசேரக் கல்லில் படுத்திருக்கும். முதுகுதான் கோணத்தை நிர்ணயிக்கிறது. ஆகவே வாய் தேயத் தேய முதுகும் தேயும், கோணம் மாறாமல் இருக்கும். அந்தப் பட்டை ஒரு மி.மீ. அகலத்தில், நுனி முதல் அடி வரை ஒரே அளவில், இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அது ஒழுங்காகப் பராமரித்த கத்தி. பட்டை 3 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, நுனியில் அகலமாகவும் அடியில் மெலிதாகவும் ஓடினாலோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ எச்சரிக்கையாக இருங்கள்.

கண்ணை நம்பாமல் அளந்துவிடலாம். வெர்னியர் காலிப்பரால் முதுகில் அந்தப் பட்டை இருக்கும் இடத்தின் தடிமனை எடுங்கள். பிறகு அந்தப் பட்டையிலிருந்து வாய் வரை உள்ள தூரத்தை எடுங்கள் (முதுகின் உச்சியிலிருந்து எடுத்தால் கணக்கு தப்பும், கல்லில் படுவது உச்சி அல்ல). தடிமனைத் தூரத்தால் வகுத்து 57ஆல் பெருக்கினால் வாயின் கோணம் ஏறக்குறையக் கிடைக்கும். தடிமன் 4.2 மி.மீ., தூரம் 14.5 மி.மீ. என்றால் 16.5 டிகிரி. அருமையான கத்தி. 15 முதல் 19 வரை நிம்மதியாக வாங்கலாம்.

அதே தூரத்துக்கு முதுகு 2.9 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் கோணம் 11.4 டிகிரிக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய வாய் தாடியில் பட்டதும் நொறுங்கும். முதுகில் மின்சார டேப் ஒரு சுற்று ஒட்டித் தீட்டினால் சுமார் ஒரு டிகிரி ஏறும். 14இல் இருப்பதை அப்படிக் காப்பாற்றலாம், 11இல் இருப்பதை அல்ல. மாறாக, டேப் ஒட்டியே பல்லாண்டு தீட்டிய கத்தியில் முதுகு தேயாமல் வாய் மட்டும் உள்ளே போயிருக்கும். 4.2க்கு 12 மி.மீ. என்றால் 20 டிகிரி. சவரம் செய்யும், ஆனால் முகத்தில் இழுக்கும். நுனி, நடு, அடி மூன்று இடங்களிலும் அளந்து பாருங்கள். முதுகுத் தடிமன் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் அரை மி.மீ.க்கு மேல் வேறுபட்டால், அது தேய்மானமா அல்லது செய்தபோதே அப்படியா என்பது பட்டையின் அகலத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வாய் நேரா இல்லாம வளைஞ்சிருக்கு. தள்ளிடலாமா?

எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு விசிட்டிங் கார்டின் நேரான ஓரத்தை வாய்க்கு அருகில், தொடாமல் பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதி கார்டை நோக்கிப் புடைத்து நுனியும் அடியும் விலகியிருந்தால் அது சிரித்த வாய். பல கத்திகள் செய்யும்போதே அப்படித்தான் செய்யப்பட்டன. முகத்தில் நன்றாக ஓடும், கல்லில் மட்டும் சற்றே உருட்டித் தீட்டப் பழக வேண்டும்.

நடுப்பகுதி உள்ளே குழிந்து நுனியும் அடியும் கார்டைத் தொட வந்தால் அது சுளித்த வாய். இதை எந்தப் பட்டறையும் வேண்டுமென்று செய்ததில்லை. நடுவிலேயே அழுத்தித் தீட்டியதாலோ, சமதளமாக இல்லாத கல்லில் தீட்டியதாலோ வருவது. கல்லில் வைத்தால் இரு முனையும் படும், நடு படாது. குழி அரை மி.மீ.க்குள் இருந்தால் நேராக்கலாம். அதற்கு மேல் என்றால் இரு முனையிலும் அவ்வளவு எஃகைத் தேய்த்துத் தள்ள வேண்டும், அது மலிவுக் கத்திக்குச் செய்யும் வேலை அல்ல.

அலகே முறுக்கிக்கிட்டு இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தடித்த கண்ணாடித் துண்டின் மேல், வாயும் முதுகும் படும்படி அலகைப் படுக்கவையுங்கள். காம்பு கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும். முதுகின் நுனியிலும் அடியிலும் மாறி மாறி விரலால் மெல்லத் தட்டுங்கள், பிறகு புரட்டிப் போட்டுத் தட்டுங்கள். ஒரு பக்கம் ஆடி, மறு பக்கத்தில் நடுவில் வெளிச்சம் புகுந்தால் அலகு வளைந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே மாதிரி ஆடினால் அது பெரும்பாலும் சிரித்த வாய்தான்.

லேசான வளைவு இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்திகளில் மிகச் சாதாரணம். ஒடுக்கமான கல்லில் குறுக்காக இழுத்துத் தீட்டத் தெரிந்தவருக்கு அது பொருட்டே இல்லை. முதல் கத்தியாக வாங்குகிறவர் மட்டும் இதை ஒதுக்கிவிடுவது நல்லது.

வாயில சின்னதா ஒரு பல் விழுந்திருக்கு. சாணை பிடிச்சா போயிடுமா?

பல்லின் ஆழம் எவ்வளவோ, வாய் முழுவதும் அவ்வளவு எஃகைத் தேய்த்தாக வேண்டும். கால் மி.மீ. என்றால் 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) கல்லில் பொறுமையாகச் செய்துவிடலாம். ஒரு மி.மீ. என்றால் கரடுமுரடான கல்லில் தொடங்கி மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், முதுகும் சேர்ந்து தேயும், கோணத்தை மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். அகலமான கத்தியில் தாங்கும். ஏற்கெனவே ஒடுங்கிய அலகில் தாங்காது. பல் நுனியின் ஓரத்திலேயே இருந்தால் அதிர்ஷ்டம்: நுனியைச் சற்று உருட்டிவிட்டால் பல்லும் போய்விடும், கன்னத்தைக் கீறாத வட்ட நுனியும் கிடைக்கும்.

பல்லுக்கும் விரிசலுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

பல் என்றால் எஃகு உதிர்ந்துபோயிருக்கும். விரிசலில் எஃகு அங்கேயே இருக்கும், பிளந்திருக்கும். இரு பக்கமும் ஆழமாகக் குடைந்த மெல்லிய அலகுகளில், குறிப்பாக அடிப்பக்கம், வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஓடும். பஞ்சை எடுத்து முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்லத் துடையுங்கள். நூலிழை ஓரிடத்தில் மாட்டினால் அங்கே லூப் வைத்துப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், தையல் மெஷின் எண்ணெயை மெல்லத் தடவி அரை மணி நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு முகப்பவுடர் தூவுங்கள். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து பவுடரில் கோடு போட்டுக் காட்டிவிடும்.

விரிசல் உறுதியானால் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அது எப்போதும் ஆழம். சவரத்தின் நடுவில் அலகு பிளந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விலை, பெயர், அபூர்வம் எதையும் பார்த்து மனம் இளகக் கூடாத ஒரே குறை இதுதான்.

துரு பிடிச்ச கத்தியைத் தேய்ச்சு எடுத்துடலாம்தானே?

எந்தத் துரு, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலகு முழுவதும் சாம்பல் அல்லது கருநீலமாக மங்கியிருப்பது துருவே அல்ல, வயதின் படிவு. அது எஃகைக் காக்கும், அப்படியே விட்டுவிடலாம். செம்பழுப்பாக மேலோட்டமாகப் படர்ந்தது எண்ணெயும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு தேய்த்தால் போய்விடும். அலகின் நடுவிலோ காம்பிலோ ஓரிரு குழிகள் இருந்தால் அழகு குறையும், சவரம் குறையாது.

மிளகு தூவியது போல வாயோரத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் கதை வேறு. அவை மேலே சிறிய புள்ளி, உள்ளே பெரிய குழி. தீட்டித் தீட்டி வாய் அந்தக் குழியைத் தொடும்போது அங்கே ரம்பப் பல் போல ஒடியும். இன்னும் தீட்டினால் அடுத்த குழி வரும். விற்பவர் பளபளப்பாக்கி வைத்திருந்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் இந்தப் புள்ளிகள் தெரிந்துவிடும்.

வினிகரில் ஊறப்போடும் யோசனையைப் பலர் சொல்வார்கள். அது துருவோடு நல்ல எஃகையும் அரிக்கும், முத்திரையையும் பொறிப்பையும் மங்கவைக்கும். வேண்டாம்.

புதுசு மாதிரி கண்ணாடியாட்டம் மின்னுது. இதைவிட நல்ல கத்தி கிடைக்குமா?

மின்னுவதாலேயே சந்தேகப்படுங்கள். பழைய கத்தி இரண்டு விதத்தில் மின்னும்: பயன்படுத்தாமலே எண்ணெய்த் தாளில் கிடந்திருக்க வேண்டும், அல்லது பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்க வேண்டும். இரண்டையும் காம்பு காட்டிக்கொடுக்கும். முத்திரை எழுத்துகள் கூர்மையாக, காம்பின் விளிம்புகள் கையில் உறுத்தும்படி இருந்தால் முதல் வகை. எழுத்து கரைந்து, விளிம்புகள் சோப்புக் கட்டி போல உருண்டிருந்தால் இரண்டாம் வகை. பொன்பூச்சுப் பொறிப்பு பாதி அழிந்திருந்தாலும் அதே பொருள்.

சக்கரத்தில் பிடிப்பதால் வரும் பெரிய ஆபத்து சூடு. சவரக்கத்தியின் எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 60 அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது. வாயோரம் தாள் போல மெல்லியது, சில நொடிகளில் சூடேறிவிடும். 290 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எஃகு நீலம் பாயும், பதம் இறங்கிவிடும். வாயோரம் நீலமோ ஊதாவோ தெரிந்தால் அந்தக் கத்தியில் கூர் நிற்காது. கெட்டிக்காரர் அந்த நிறத்தையும் பாலிஷ் போட்டு அழித்திருக்கலாம் என்பதுதான் வருத்தம். அதனாலேயே சக்கரம் பட்ட கத்தியைவிட மங்கலாக, அழுக்காக, யாரும் கைவைக்காமல் கிடந்த கத்திக்கு நாங்கள் கூடுதல் விலை கொடுப்போம்.

5/8, 6/8னு போட்டிருக்காங்களே, அது என்ன? எது எனக்கு ஏத்தது?

முதுகு உச்சி முதல் வாய் வரை அலகின் அகலம், அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வது. 5/8 என்றால் ஏறக்குறைய 16 மி.மீ., 6/8 என்றால் 19. மூக்கின் கீழே புகுந்து வர 5/8 எளிது, நுரையை அதிகம் தாங்குவதும் கனமாக இறங்குவதும் 6/8. முதல் கத்திக்கு இரண்டில் ஒன்று, வட்ட நுனியோடு போதும்.

இன்னொன்று அலகின் குறுக்குவெட்டு. பழைய ஷெஃபீல்டு கத்திகள் ஆப்பு போலத் தடித்து வாயில் மெலியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிய ஜெர்மன் கத்திகள் இரு பக்கமும் ஆழமாகக் குடைந்தவை. குடைந்த அலகு கல்லில் சீக்கிரம் கூராகிவிடும், சவரத்தில் தாடி அறுபடும் ஓசையே கேட்கும். ஆப்பு அலகு முரட்டுத் தாடியை அலட்டாமல் எடுக்கும், ஆனால் தீட்டப் பொறுமை வேண்டும். புதியவருக்குப் பாதிக் குடைவோ முழுக் குடைவோ நல்லது. அலகு ஒடுங்கியும் காம்பும் வாலும் பெருத்தும் தெரிந்தால், 6/8ஆகப் பிறந்து 4/8ஆகத் தேய்ந்த கத்தியைப் பார்க்கிறீர்கள். மேலே சொன்ன கோணக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

சோலிங்கனா, ஷெஃபீல்டா? எந்தப் பேரு போட்டதை வாங்கலாம்?

ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா, பிரான்சின் தியேர் ஆகிய நான்கு ஊர்களும் கத்திக்கே பேர்போனவை. ஷெஃபீல்டில் வேட் அண்ட் புட்சர், நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் முத்திரையாகக் கொண்ட ஜோசப் ராட்ஜர்ஸ். சோலிங்கனில் இரட்டையர் முத்திரை போட்ட ஹென்கெல்ஸ், மர முத்திரை போட்ட போக்கர், 1906இல் தொடங்கிய டோவோ. எஸ்கில்ஸ்டூனாவில் ஹெல்யெஸ்ட்ராண்ட், சுறா முத்திரை போட்ட எரிக் ஆண்டன் பெர்க். சுவீடன் எஃகு சற்றுக் கடினம், கல்லில் நேரம் எடுக்கும், கூர் நீண்ட நாள் நிற்கும்.

பெயரைப் பார்ப்பது கடைசி வேலை. தேய்ந்த ஹென்கெல்ஸைவிடத் தேயாத, பெயர் தெரியாத சோலிங்கன் கத்தி பல மடங்கு மேல். ஒரே சோலிங்கன் பட்டறை எத்தனையோ கடைக்காரர்களின் பெயரைக் குத்தி விற்றது. ஊர்ப்பெயரும் இல்லை, காம்பில் எழுத்தும் இல்லை, அலகு முழுக்க குரோமியம் பூசியது போல வெளிறி மின்னுகிறது என்றால் அது அலங்காரப் பொருளாக இருக்கலாம். கோணத்தை அளக்காமல் தொடாதீர்கள்.

எந்த வருஷத்துக் கத்தின்னு முத்திரையை வச்சே சொல்ல முடியுமா?

வருடத்தைச் சொல்வது அரிது, காலகட்டத்தைச் சொல்லலாம். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டப்படி 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். ஆகவே ‘ஜெர்மனி’, ‘இங்கிலாந்து’ என்று நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. வெறும் ‘ஷெஃபீல்டு’ என்று ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்குப் பிறகு. கிரீடத்துடன் ‘டபிள்யூ.ஆர்.’ இருந்தால் நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837, ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா ஆண்ட 1837–1901.

முத்திரையே படிக்க முடியாவிட்டால் வாலைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளுக்கு வால் கிடையாது, அல்லது குட்டையாக முளைவிட்டது போல இருக்கும். நீண்டு வளைந்த வால் 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது.

‘சில்வர் ஸ்டீல்’னு இருக்கு. வெள்ளி கலந்ததா? ‘காஸ்ட் ஸ்டீல்’னா வார்ப்பிரும்பா?

இரண்டும் இல்லை. ‘காஸ்ட் ஸ்டீல்’ என்பது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், உருக்கி எடுத்த எஃகு. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டு பகுதியில் அந்த முறையைக் கொண்டுவந்தார். அந்த முத்திரை தரத்தைச் சொல்லி விற்றது, வார்ப்பிரும்புக்கும் அதற்கும் உறவில்லை.

‘சில்வர் ஸ்டீல்’ விஷயத்தில் நம் ஊர் வாசம் இருக்கிறது. லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் தென்னிந்திய எஃகின் பெரிய ரசிகர். நம் உருக்கைத்தான் ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். சேலம் பக்கமும் அது மூசையில் காய்ச்சப்பட்டது. அதன் மர்மத்தை அறிய ஸ்டோடர்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகில் பல உலோகங்களைக் கலந்து சோதித்து 1820, 1822ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளியும் அவற்றில் ஒன்று. பிறகு ஷெஃபீல்டு பட்டறைகள் அந்தப் பெயரை விளம்பரச் சொல்லாகவே பிடித்துக்கொண்டன. முத்திரையைப் பார்த்து வெள்ளிக்கு விலை கொடுக்காதீர்கள்.

பிடிக்குள்ள இருந்த பக்கம் மட்டும் துரு. வெளியில சுத்தமா இருக்கு. ஏன்?

பிடி செல்லுலாய்டு என்றால் அது அழுகத் தொடங்கியிருக்கலாம். செல்லுலாய்டு நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பழைய வகைப் பிளாஸ்டிக். பழையதாகும்போது சிதைந்து அமில ஆவி விடும், அந்த ஆவி பிடிக்குள் மடிந்திருக்கும் அலகைத் தின்னும். பிடி பனிபடர்ந்தது போல மங்குவது, நொறுங்குவது, ரிவிட்டைச் சுற்றிப் பச்சை பிடிப்பது, கற்பூர நெடியோ காரமான அமில நெடியோ அடிப்பது இதற்கு அடையாளம்.

அலகின் வாய் இன்னும் தப்பியிருந்தால், உடனே பிடியைக் கழற்றி எறிந்து வேறு பிடி போடத் தயாராக இருந்தால் மட்டும் வாங்கலாம். அதுவரை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், ஆவி அவற்றையும் பிடிக்கும். பிடி எந்தப் பொருள் என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்ப்பார்கள் சிலர். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். அந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

தந்தப் பிடின்னு சொல்றாங்க. வாங்கலாமா?

இந்தியாவில் இருந்தால் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் தந்த வணிகத்தைத் தடைசெய்கின்றன, ஆப்பிரிக்க யானைத் தந்தமும் இதில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படியும் சிக்கல். கத்தி நூறாண்டுப் பழையது என்பதை வைத்து நீங்களாகவே விலக்கு கற்பித்துக்கொள்ளாதீர்கள். கடலாமை ஓட்டுப் பிடிக்கும் இதே பதில்.

தந்தம் என்று சொல்லப்படுவதெல்லாம் தந்தம் அல்ல என்பதும் உண்மை. தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். அச்சடித்தது போல ஒரே சீராக இணைகோடுகள் ஓடினால் அது செல்லுலாய்டு, முந்தைய பதிலை மறுபடி படியுங்கள். நல்ல கொம்புப் பிடி கிடைத்தால் அதுவே போதும். பூச்சி அரித்த துளைகள் இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

மூடும்போது வாய் பிடியில இடிக்குது. பெரிய பிரச்சினையா?

பெரும்பாலும் சின்ன வேலைதான். ரிவிட் தளர்ந்திருந்தால் அதற்குக் கீழே இரும்புத் துண்டை வைத்து, சின்ன சுத்தியலால் ரிவிட் தலையைச் சுற்றிலும் லேசாகத் தட்டினால் இறுகும். ஓங்கி ஒரே அடி அடித்தால் கொம்பு பிளந்துவிடும். பிடியே கோணியிருந்தால் புதுப் பிடிச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி இடித்து இடித்து வாயில் பல் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

படத்தை மட்டும் பார்த்து வாங்கணும். விற்கிறவர்கிட்ட என்ன கேக்கணும்?

அலகின் இரு பக்கமும் வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுத்த படம், வாய் கேமராவை நேராகப் பார்க்கும் படம், முதுகை மேலிருந்து எடுத்த படம், மூடிய நிலையில் மேலிருந்து ஒன்று, காம்பின் முத்திரை. இந்த ஆறும் தராதவரிடம் வாங்காதீர்கள். பின்னணி கறுப்பாக, அலகு சாய்வாக, நுனி மட்டும் நிழலில் இருக்கும் படங்கள் எதையோ மறைக்கின்றன. முதுகுத் தடிமனையும் அலகின் அகலத்தையும் காலிப்பரில் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

‘ரொம்ப கூர்மை, தாளை வெட்டுது’ என்ற வர்ணனைக்கு மதிப்பில்லை. சமையல் கத்தியும் தாளை வெட்டும். ‘சவரத்துக்குத் தயார்’ என்றால் எந்தக் கல் வரை தீட்டினார், தன் முகத்தில் சவரம் செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். 12000 கிரிட் போன்ற மிக நுண்ணிய கல்லில் முடித்ததாக அவர் தயங்காமல் சொன்னால் நம்பலாம்.

கத்தி மலிவாதான் இருக்கு. அப்புறம் என்ன செலவு வரும்?

சாணைக் கூலி, தபால் செலவு, தோல்வார், தேவைப்பட்டால் பிடி. நீங்களே தீட்டுவதானால் 1000, 4000, 8000, 12000 என்று கல் வரிசையே கத்தியைவிட விலை. இவ்வளவும் கூட்டினால் ஒரு புது சோலிங்கன் கத்தியின் விலையை எட்டுகிறதா? எட்டினால், முதல் கத்தியைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய கத்தியின் லாபம் இரண்டாவது கத்தியிலிருந்துதான் தொடங்குகிறது, அப்போது கல்லும் தோல்வாரும் கையில் இருக்கும்.

வாரத்துக்கு ஏழு கத்தி கொண்ட பெட்டி கிடைத்தால் மொத்த விலையில் மயங்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முதுகில் கிழமைப் பெயர் பொறித்திருக்கும். ஏதாவது ஒன்று தொலைந்து, வேறு கத்தியைச் சொருகியிருப்பது உண்டு.

யாரோ போட்டுக்கிட்ட கத்தி. முகத்துல வைக்கப் பயமா இருக்கு.

நியாயமான பயம். அலகையும் பிடியின் உட்புறத்தையும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். துருவுக்கடியிலும் ரிவிட்டைச் சுற்றியும் அழுக்கு இருக்கும்வரை மருந்து உள்ளே போகாது. பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலகை மட்டும் பத்து நிமிடம் நனைத்து வையுங்கள், பிடியில் படவிட வேண்டாம். கொதிநீரில் போடாதீர்கள். கொம்பு கோணிக்கொள்ளும், செல்லுலாய்டு உருக்குலையும். உலர்ந்ததும் மினரல் எண்ணெய் ஒரு பூச்சு. கடலோர ஊர்க்காரர்கள் ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் பார்த்துதான் வாங்கினேன். ஆனா எவ்வளவு தீட்டினாலும் அடிப்பக்கம் மட்டும் கூர் வரலை. ஏமாந்துட்டேனா?

இன்னும் முடிவு செய்யாதீர்கள். வாயின் சரிவில் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் மை பூசி, 1000 கல்லில் அழுத்தாமல் நான்கைந்து முறை மட்டும் இழுங்கள். மை அழியாத இடம் கல்லைத் தொடவில்லை. அடியில் மட்டும் அழியாவிட்டால், அடிக்குப் பின்னால் காம்போடு சேரும் தடித்த தோள் கல்லின் மேல் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டு தீட்டிய கத்திகளில் வாய் உள்ளே போகப் போக இந்தத் தோள் கல்லுக்கு வந்துவிடும். தோளைச் சற்றுத் தேய்த்துத் தாழ்த்தினால் அடி கல்லில் படும்.

மை எல்லா இடமும் ஒரே சீராக அழிந்தும் அந்த இடத்தில் கூர் நிற்கவில்லை, தீட்டத் தீட்டப் பொடியாக உதிர்கிறது என்றால் லூப்பில் குழிகளைத் தேடுங்கள். குழியும் இல்லாமல், வாய் ஒடியாமல் நகத்தில் பட்டதும் மடங்குகிறது என்றால் அங்கே பதம் இறங்கியிருக்கிறது. அது மேலே சொன்ன பாலிஷ் சக்கரத்தின் வேலை. ஓரிரு மி.மீ. உள்ளே தீட்டிப் போனால் சில சமயம் நல்ல எஃகு கிடைக்கும். கிடைக்காவிட்டால் விற்றவரிடம் படத்தோடு எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.